கதவுக்கு முட்டுக்கொடுத்த தையல் மிஷின்

2023 அக்டோபர் 23, திங்கட்கிழமை. சரஸ்வதி பூஜை. காலை ஐந்தே காலுக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வருகிற நேரம் என்பதால் முதலில் டிரம்மை நிரப்பினேன். கொச்சி மட்டாஞ்சேரியில் காப்பிக்கு முன்னால் தண்ணீர். பிறகு பாலைக் காய்ச்சி மூன்று பேருக்கும் காப்பி கலந்தேன். சுண்டலுக்கு ஊறப்போட்டிருந்த கடலையைக் கழுவி வடித்தேன். முதல் நாள் மழையில் பாதி காய்ந்திருந்த துணிகளை மின்விசிறிக்குக் கீழே விரித்தேன். வழக்கமாக இதற்கு அடுத்த வேலை நாட்குறிப்பு. அன்று எழுதவில்லை. பூஜை நாளில் பேனாவைத் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதனால் அன்று நடந்ததை மறுநாள்தான் குறித்தேன். இப்போது விரித்து எழுதுகிறேன்.

வீட்டில் மூன்று பேர். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். என் கணவர் போன வருடம் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு பக்தியிலும் குழாய் ரிப்பேரிலும் ஒரே சமயத்தில் ஈடுபாடு வந்திருக்கிறது. மூன்றாமவர் அவருடைய அக்கா. நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பஞ்சாங்கம் அவருடைய இலாகா.

மூன்று வருடமாக நான் க்வில்ட் தைக்கிறேன். மேலே சின்னச் சின்னத் துணிகளை இணைத்த ஒரு விரிப்பு, நடுவில் பஞ்சு, அடியில் ஒரே துணி. மூன்றையும் சேர்த்துக் கோடு கோடாகத் தைத்தால் க்வில்ட். வருடம் முழுக்க வியர்க்கிற கொச்சியில் இது எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. முதல் இரண்டையும் குன்னூரில் இருக்கிற தங்கைக்கு அனுப்பினேன். மூன்றாவதும் போய்ச் சேர்ந்ததும் ஃபோன் செய்தாள். "போறும்க்கா. பீரோ மூட மாட்டேங்கறது."

அந்த மாதத் தொடக்கத்தில்தான் நிலைமை மாறியது. ஃபோர்ட் கொச்சியில் ஹோம்ஸ்டே நடத்துகிற ஒரு சேச்சி, எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு உறவு, என் க்வில்ட்டின் படத்தைப் பார்த்துவிட்டு அழைத்தார். அவர் நான்கு அறைகளுக்கு ஏசி போட்டிருந்தார். வெளிநாட்டு விருந்தினர்கள் ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டு இரண்டு போர்வை கேட்கிறார்களாம்.

"ரூமைத் தணுப்பிக்க ஒரு செலவு. அந்தத் தணுப்பிலேர்ந்து அவரைக் காப்பாத்த வேற செலவு" என்றார். டிசம்பர் சீசனுக்கு முன்னால் நாலு க்வில்ட் வேண்டும், அதில் ஒன்றை முதலில் காட்டவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

சம்பளத்தை விட்டுவிட்டால், ஐம்பத்திரண்டு வருடத்தில் என் கையால் செய்த ஒன்றை யாரும் விலை கொடுத்துக் கேட்டதில்லை. சரி என்று உடனே சொல்லிவிட்டேன். சொன்ன வாரத்திலேயே என் மிஷின் படுத்துக்கொண்டது. ஆன்லைனில் வாங்கிய வெள்ளை பிளாஸ்டிக் மிஷின் அது. தலையணை உறை தைக்கிறவரை சாதுவாக இருந்தது. மூன்று அடுக்கைக் கண்டால் முனகும். நாலு துண்டுகளின் தையல் ஒன்றாகச் சேருகிற தடித்த இடம் வந்தால் அப்படியே நின்று, மேஜையின் மேல் தானாக நகர்ந்து சுவரோரம் போய்ச் சேரும். கடைசியில் ரப்பர் கருகுகிற வாசனை வந்தது.

க்வில்ட்டுக்கென்றே விற்கிற புது மிஷினின் விலையைப் பார்த்தேன். அதற்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம். எனக்கு வேண்டியது உள்ளே முழுக்க இரும்பாக உள்ள ஒரு பழைய மிஷின். எங்கள் மிக்ஸியின் விலையைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பும் வைத்துக்கொண்டேன். ஸ்டாண்டு எங்களிடமே இருந்தது. வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்ன காலத்தில் என் கணவர் பழம்பொருள் கடைகள் நிறைந்த யூதர் தெருவான ஜூ டவுனில் வாங்கிவந்த மேஜை உண்மையில் ஒரு தையல் மிஷின் ஸ்டாண்டு. மிஷின் உட்காருகிற பள்ளத்தின் மேல் ப்ளைவுட் பலகையை வைத்து ஸ்க்ரூ முடுக்கியிருந்தார்கள். அலுவலகக் கூட்டம் நீளும்போது என் கால் தானாக மிதிக்கும், அடியில் சக்கரம் சுற்றும், ஒன்றும் தைபடாது. அந்தக் கூட்டங்களுக்கு மிகவும் பொருத்தமான மேஜை.

ஆகவே தலை மட்டும் வேண்டும். காலை இட்லியின்போது விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னிக்கு நவமி. நவமியில போய் யாராவது சாமான் வாங்குவாளோ?" என்றார் அக்கா.

"இன்னிக்கும் நாளைக்கும்தானே லீவு, அக்கா."

"அப்போ நாளைக்கு வாங்கு. தசமி."

"நாளைக்குக் கப்பல்லேர்ந்து டூரிஸ்ட் கூட்டம் இறங்கறது. கடைக்காரா நம்மளைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டா."

என் கணவர் சட்னியைத் தள்ளி வைத்துவிட்டு வழக்கில் ஆஜரானார். "அக்கா, புதுசுதானே வாங்கப்படாது? இது அறுபது எழுபது வருஷப் பழசு. இதுக்குப் பேர் வாங்கறதே இல்லை. வீடு மாத்தறதுன்னு வெச்சுக்கோயேன்."

அக்கா யோசித்தார். "பழசுன்னா தோஷமில்லை" என்று தீர்ப்பளித்தார். "ஆனா அஞ்சு மணிக்குப் பூஜை. அதுக்குள்ள வந்துடு. வெச்சப்புறம் தொட விடமாட்டேன்."

ஒரு மணிக்குள் திரும்பி, ஐந்து மணிக்குள் தைத்துப் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஒரு துணிப்பையில், எங்கள் தெரு மூலைப் பொத்தான் கடையில் கிடைக்கிற சாதாரண ஊசி ஒரு பாக்கெட், நூல்கண்டு, பஞ்சு வைத்து மூன்று அடுக்காகச் செய்த ஒரு சோதனைத் துண்டு, கயிறு கட்டிச் சுருட்டிய டர்க்கி டவல் ஆகியவற்றை எடுத்துக்கொண்டேன். டவலுக்குக் காரணம் உண்டு. பெரிய போர்வையின் நடுவைத் தைக்கும்போது, அதன் ஒரு பாதி சுருண்டு ஊசிக்கும் மிஷினின் வலதுபக்கத் தூணுக்கும் நடுவில் உள்ள சந்துக்குள் நுழையவேண்டும். சுருட்டிய டர்க்கி டவல் நுழைந்தால் போர்வையும் நுழையும்.

ஜூ டவுன் தெருவில் பாதிக் கடைகளில் தையல் மிஷின் இருந்தது. ஆனால் தலை வேறு, கால் வேறாக. கஃபே நடத்துகிறவர்கள் இரும்பு ஸ்டாண்டை வாங்கிக் கண்ணாடி போட்டு மேஜையாக்குகிறார்கள், அதனால் ஸ்டாண்டுக்குத்தான் விலை. மேலே இருந்த மிஷின், இளநீர் குடித்த பிறகு மிஞ்சுகிற மட்டையைப் போல ஓரமாகக் கிடக்கும். இது எனக்குச் சாதகம் என்று நினைத்துக்கொண்டு முதல் கடைக்குள் நுழைந்தேன்.

அங்கே கடைக்காரர் ஒரு வெளிநாட்டுத் தம்பதியிடம் ஒரு கறுப்பு மிஷினைத் தடவிக் காட்டி, "த்ரீ ஹண்ட்ரட் இயர்ஸ் ஓல்ட். மகாராஜா டெய்லர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் புகைப்படம் எடுத்துக்கொண்டு போனதும் நான் கேட்டேன்.

"முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி தையல் மிஷின் ஏது?"

"அது வெள்ளைக்கார சாயிப்பினு, சேச்சி. நம்ம ஆள்களுக்கு அறுபது கொல்லம்."

"எனக்கு?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "சேச்சி பேரம் பேசும்னு தோணுது. நாப்பது."

நாற்பது வருட மிஷினின் சக்கரத்தைச் சுற்றினேன். உள்ளே எதுவோ உடைந்து உருண்டது. "அது ஒறிஜினல் சத்தமாணு" என்றார். ஸ்டாண்டு எடுத்தால் மிஷின் ஃப்ரீ என்றும் சொன்னார். ஸ்டாண்டு வீட்டில் இருக்கிறது, மிஷின் மட்டும் போதும் என்றேன்.

"மெஷினை மட்டும் வெச்சு எந்து செய்யும்?"

"தைப்பேன்."

அவர் வாசலுக்குப் போய்ப் பக்கத்துக் கடைக்காரரை அழைத்தார். "எடா, இங்கோட்டு வா! இவிடே ஒரு சேச்சி தைக்கான் மெஷின் சோதிக்குன்னு!" தைப்பதற்காகத் தையல் மிஷின் கேட்கிற பெண்மணியைப் பார்க்கப் பக்கத்துக் கடைக்காரர் உடனே வந்தார். பார்த்தார். பிறகு கையோடு தன் கடைக்கு அழைத்துப்போனார்.

அந்த இரண்டாவது கடையில்தான் நான் கெட்டுப்போகப் பார்த்தேன். அங்கே இருந்தது ஒரு சின்ன மிஷின், மைக்கறுப்பு, உடம்பெல்லாம் தங்கக் கொடி. கைப்பிடி வைத்துச் சுற்றுவது. கழுத்தின் வளைவைப் பார்த்தால் இதைச் செய்தவர்களுக்கு அவசரமே இருந்திருக்காது என்று தோன்றும். சக்கரம் வெண்ணெய் போலச் சுற்றியது. நான் பைக்குள்ளிருந்து ஊசியை எடுப்பதற்கு முன்பே, இதை ஜன்னலோரம் வைத்தால் எப்படி இருக்கும் என்று நினைக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஊசி நுழையவில்லை. அதற்கு வேறு ஜாதி ஊசி. அடியில் நூல் சுற்றுகிற பாபினும் வட்டமாக இல்லை. கிராம்பை இழுத்து நீட்டியதுபோல ஒல்லியாக இருந்தது. அதுவும் ஒன்றே ஒன்று.

"இந்த ஊசி எங்கே கிடைக்கும்?" என்றேன்.

"யூட்யூபில் கிட்டும்."

"யூட்யூப்ல ஊசி விக்கறதில்லையே."

"இல்லா. பக்ஷே எங்கே கிட்டும்னு அதில் பறயும்."

டவலை எடுத்துச் சந்துக்குள் நுழைக்கப் பார்த்தேன். பாதியிலேயே சிக்கிக்கொண்டது. கடைக்காரர் என்னையும் டவலையும் பார்த்துவிட்டு, "சேச்சி குளிக்கான் போகும் வழியாணோ?" என்று கேட்டார். வெளியே வந்தபோது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. திரும்பி ஒருமுறை பார்த்தேன். அழகைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு எத்தனை சுலபம்! ஊசி வேண்டாம், பாபின் வேண்டாம், தூசி தட்டினால் போதும்.

மூன்றாவது கடை தெரு முடிகிற இடத்தில், மிளகுக் கிடங்கை ஒட்டி. வேட்டியை மடித்துக் கட்டிய ஒல்லியான பெரியவர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே பித்தளை உருளிகளுக்கு நடுவில் நாலு மிஷின் தலைகள். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றில் சக்கரம் இல்லை, ஒன்றில் சக்கரம் மட்டும்தான் இருந்தது. மற்ற இரண்டும் கிராம்பு ஜாதி. வெளியேறப் போனபோது கதவில் இடித்துக்கொண்டேன். கதவு நகரவில்லை. கீழே பார்த்தேன். கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு தையல் மிஷினை முட்டுக்கொடுத்திருந்தார்.

பாசி நிறம். பெயர் எழுதியிருந்த இடம் உரிந்துபோயிருந்தது. ஒரு மூலையில் பெயின்ட் சொட்டியிருந்தது. தரையில் உட்கார்ந்து அதைப் புரட்டினேன். பாபின் வட்டம், பொத்தான் கடை பாபின். ஊசி நுழைந்தது. சந்துக்குள் டவல் முழுதாகப் போய் மறுபக்கம் வந்தது. பற்சக்கரங்கள் எல்லாம் இரும்பு.

சக்கரத்தைத்தான் சுற்ற முடியவில்லை. மூக்கை அருகில் கொண்டுபோனேன். காறிய தேங்காயெண்ணெய் வாசனை. எந்தக் காலத்திலோ யாரோ ஒரு நல்லெண்ணம் கொண்டவர் தலைக்குத் தடவுவதை இதற்கும் விட்டிருக்கிறார். அது உள்ளே பிசினாக இறுகிவிட்டது. இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினேன். சோதனைத் துண்டில் நாலு தையல் விழுந்தது. விழுந்த நாலும் சுத்தமாக இருந்தது. ஆனால் இந்த இறுக்கம் வெறும் எண்ணெய்ப் பிசினா, அல்லது உள்ளே தண்டு வளைந்திருக்கிறதா? துளைகளில் மண்ணெண்ணெய் விட்டு இளக்கி, மிஷின் எண்ணெய் போட்டு, ஸ்டாண்டில் ஏற்றி மிதித்தால்தான் தெரியும்.

"இங்கே மிஷின் எண்ணெய் இருக்கா?"

"வெளிச்செண்ணெய் உண்டு" என்று பெரியவர் எழுந்தார்.

"ஐயோ, மறுபடியும் தேங்காயெண்ணெயா? வேண்டாம்!"

விலை கேட்டதும் மிக்ஸிக்கு மேலே ஒரு தொகையைச் சொல்லிவிட்டு அவர் கதவைப் பார்த்தார். "இது கொடுத்தால் வாதிலுக்கு எந்து வைக்கும்?"

"இருபது உருளி இருக்கே."

"உருளி விற்கான் உள்ளதாணு."

"அப்போ இது விக்கறதுக்கு இல்லைதானே? கதவுக்கு வெச்ச சாமானுக்கு இவ்வளவு விலையா?"

அவர் சாயாவைக் குடித்து முடித்தார். பிறகு மிக்ஸிக்குக் கீழே இறங்கினார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். "கொண்டுபோய் தைச்சு நோக்கு. நாளைக்குப் பத்து மணிக்கு ஒரு கஃபேக்காரன் வரும். ஷெல்ஃபில் அடுக்க அஞ்சு மெஷின் கேட்டிட்டுண்டு. என் கையில் நாலு. இது அஞ்சாவது. பத்துக்கு முன்னே வேணும்னு சொன்னால் சேச்சிக்கு. வேண்டாம்னால் திரிச்சுக் கொண்டுவா. பத்து கழிஞ்ஞால் பின்னே நான் திரிச்சு எடுக்கில்லா, கேட்டோ."

முன்பணம் கொடுத்துவிட்டு ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒன்றரை மணிக்கு வீடு. கைகளிலும் புடவையிலும் துருவும் பிசினும்.

"குளிச்சுட்டு வந்து சமையலறைல கால் வை" என்றார் அக்கா.

நான் என் கணவரிடம், "இதை நன்னாத் துடைச்சு மட்டும் வெக்கறேளா? வந்ததும் எண்ணெய் விடணும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். தலைக்கும் சேர்த்துக் குளித்தேன். அதுதான் தவறு. அந்த நேரத்தில் வானம் இருட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்த அக்கா, மழை வந்தால் கரண்டு போகும், இருட்டில் பூஜை வேண்டாம் என்று முடிவுசெய்து, ஐந்து மணியை இரண்டரை மணியாக்கிவிட்டார்.

நான் கூடத்துக்கு வந்தபோது எல்லாவற்றையும் அடுக்கி முடித்திருந்தார்கள். என் கணவருக்கு ஆயுத பூஜை என்றால் வீட்டில் எதுவும் விட்டுப்போகக் கூடாது. ஸ்கூட்டர் சாவி, மிக்ஸி, குக்கர், குழாய் முடுக்குகிற ஸ்பேனர், வைஃபை பெட்டி எல்லாம் பொட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தன. என் கத்தரிக்கோல், ஊசி டப்பா, இன்ச் டேப், பேனா, நாட்குறிப்பு எல்லாம் அங்கே. ப்ளைவுட் பலகையைக் கழற்ற வேண்டிய ஸ்க்ரூ டிரைவரும் அங்கே. நடுவில், சரஸ்வதி படத்துக்கு நேர் கீழே, நூல்கண்டு மாட்டுகிற கம்பியில் செம்பருத்திப் பூவைச் செருகிக்கொண்டு என் மிஷின். துடைத்ததில் பளபளவென்று ஆகியிருந்தது. மேலே வரிசையாகச் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

கிட்டே போய்ப் பார்த்தேன்.

"என்னன்னா இது?"

"எவ்வளவு லட்சணமா இருக்கு பார்த்தியோ!" என்றார் கணவர். "பொட்டு வெக்கறதுக்குன்னே அங்கங்கே குழி பண்ணி வெச்சிருக்கான். அந்தக் காலத்து மனுஷாளுக்கு என்ன பக்தி!"

"அதெல்லாம் எண்ணெய் விடற ஓட்டை."

அவர் முகம் மாறியது. "எல்லாமேவா?"

"எல்லாமே."

"நான் உதிரப்படாதேன்னு நன்னா அழுத்தி வேற வெச்சேனே!"

அக்கா மணியை எடுத்தார். நான் மணிக்கு முன்னால் வாயைத் திறந்தேன். "அக்கா, ஒரே நிமிஷம். நாளைக்குப் பத்து மணிக்குள்ள கடைக்குச் சொல்லணும். தைச்சுப் பார்க்காம எப்படிச் சொல்றது?"

"வெச்சாச்சு. இனி நாளைக்குக் காலம்பற புனர்பூஜை ஆனாதான்."

"சந்தனத்தை மட்டும் ஒரு சேஃப்டி பின்னால எடுத்துடறேன்."

"பின்னும் பூஜையில இருக்கு."

"அந்த நாலு க்வில்ட் ஆர்டர் போயிடும், அக்கா."

"சரஸ்வதிக்கு முன்னாடி உட்கார்த்தி வெச்சதை எடுத்து நோண்டினா மட்டும் நிக்குமோ?" என்றார். மணி அடித்தது. மழையும் வந்தது. கரண்டு போகவில்லை.

பூஜை முடிந்ததும் கடைக்காரப் பெரியவருக்கு ஃபோன் செய்தேன். ஃபோனைப் பூஜையில் வைக்கத்தான் என் கணவருக்கு மனம் வரவில்லை. நிலைமையைச் சொல்லி, கொஞ்சம் கூடுதல் நேரம் கேட்டேன்.

"பூஜையோ? என் மெஷினுக்கோ?"

"ஆமாம். சந்தனம் எல்லாம் வெச்சாச்சு."

"அப்போ சேச்சி எடுத்த மாதிரிதானே?"

"இல்லை, இல்லை. தைச்சுப் பார்த்தாத்தான்."

கொஞ்சம் யோசித்தார். "பத்துன்னால் பத்தாணு, சேச்சி. வேண்டாம்னால் அந்தப் பொட்டோடு அப்படியே கொண்டுவா. பொட்டு இருந்தால் கஃபேக்காரன் கொஞ்சம் கூடுதல் தரும்."

நாலு மணிக்கு ஹோம்ஸ்டே சேச்சி அழைத்தார். ஜெய்ப்பூரின் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை கொண்டுவருகிற ஒரு வியாபாரி வந்திருந்தாராம், ரெடிமேட், நாளைக்கே நாலும் கிடைக்குமாம். "எனக்கு உங்களுடையதுதான் இஷ்டம். பக்ஷே சீசன் வருது. முதல் க்வில்ட் என்னைக்கு கிட்டும்னு நாளை உச்சைக்குள்ள ஒரு வாக்கு சொன்னால் போதும்" என்றார். மத்தியானத்துக்குள் சொல்கிறேன் என்றேன். சொல்லும்போது கூடத்தில் செம்பருத்தியோடு உட்கார்ந்திருந்த மிஷினைப் பார்த்தேன். எனக்கு அது தையல் மிஷினாகவும் தெரியவில்லை, கதவுக்கு வைக்கிற கட்டையாகவும் தெரியவில்லை.

சாயங்காலம் முழுக்கச் செய்ய ஒன்றும் இல்லை. படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, தைக்கக் கூடாது. சுண்டல் கிண்ணத்தோடு மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தேன். கணவரும் வந்து உட்கார்ந்தார். "ஒருவேளை சந்தனம் உள்ளே குளிர்ச்சிக்கு நல்லதோ என்னவோ" என்றார். நான் திரும்பிப் பார்த்ததும் சுண்டலைப் பார்த்துக்கொண்டார்.

அக்கா எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார். "நாளைக்குச் செவ்வாய். எமகண்டம் எத்தனை மணிக்கு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். வழக்கம்போல் பஞ்சாங்கத்தை எடுக்கக் கையை நீட்டியவர், அப்படியே நிறுத்தினார். பஞ்சாங்கமும் பூஜையில் இருந்தது. என் கணவர் அதற்கும் அட்டையில் நல்ல அகலமாகப் பொட்டு வைத்திருந்தார்.

"இதை எதுக்குடா வெச்சே?"

"புஸ்தகம்தானே, அக்கா."

அக்கா விரல் மடக்கி மனக்கணக்குப் போட்டார். இருபது வருடத்தில் அவர் புத்தகம் பார்க்காமல் நேரம் சொல்லி நான் கேட்டதில்லை. "ஒன்பதுக்கு ஆரம்பம். அதுக்கு முன்னாடி எல்லாம் முடியணும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஆறு மணிக்கே புனர்பூஜையைப் பண்ணிடலாம். நைவேத்தியத்தை நான் பார்த்துக்கறேன். நீ அடுப்பு பக்கமே வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

24ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, விஜயதசமி. நான் எழுந்தபோது அக்கா குளித்து, தயிர்சாதமும் பாயசமும் செய்து முடித்திருந்தார். டிரம்மில் தண்ணீரும் நிரம்பியிருந்தது. ஆறு மணிக்குக் கற்பூரம் காட்டினார். என் கணவர் எல்லாவற்றையும் முறைப்படி இம்மியளவு வடக்கே நகர்த்தினார். மிஷினை நகர்த்த மட்டும் முக்கவேண்டியிருந்தது. அன்று அவரவர் தொழிலை அவரவர் கொஞ்சம் தொடவேண்டும் என்பது வழக்கம். அக்கா நாலு சுலோகம் படித்தார். கணவர் ஸ்பேனரை எடுத்து வாசல் குழாயை ஒரு திருப்புத் திருப்பினார். நான் ஊசி டப்பாவிலிருந்து ஒரு சேஃப்டி பின்னை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அந்த நாளில் நான் செய்த முதல் வேலை, எண்ணெய்த் துளைகளிலிருந்து சந்தனத்தை நோண்டி எடுத்தது.

காய்ந்துபோய்ப் பெருங்காயக் கட்டி போல இருந்தது. மேலாக இருந்தது வந்தது, உள்ளே போனது வரவில்லை. கணவர் டார்ச் அடித்தார். குற்ற உணர்ச்சியில் அவர் ஒவ்வொரு பொட்டாக எட்டிப் பார்த்ததில் வெளிச்சம் எல்லாத் துளையிலும் விழுந்தது, நான் நோண்டுகிற துளையைத் தவிர. அக்கா ஒரு துடைப்பத்தின் ஈர்க்குச்சியை ஒடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தள்ளு. இரும்பை இரும்பால குத்தாதே. கொழந்தைக்குக் காது குடையற மாதிரி பண்ணணும்."

அவர் குடைந்தார், நான் மண்ணெண்ணெய் சொட்டினேன். சந்தனமும் தேங்காயெண்ணெய்ப் பிசினும் கலந்து ஒரு பழுப்புக் குழம்பு கசிந்தது. வீடு முழுக்க, மெக்கானிக் கடைக்குள் கோயில் கட்டியதுபோல ஒரு வாசனை. சக்கரம் முதலில் கால் சுற்று வந்தது. அப்புறம் அரை. மிஷின் எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருந்தேன். திடீரென்று, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், முழுதாகச் சுற்றியது. தண்டு வளைந்திருக்கவில்லை.

ப்ளைவுட்டைக் கழற்றி, இரண்டு பேராகத் தூக்கிப் பள்ளத்தில் உட்காரவைத்தோம். பெல்ட்டை மாட்டி, நூலைக் கோத்து, சோதனைத் துண்டை வைத்து மிதித்தேன். மூன்று அடுக்கிலும் தையல் ஓடியது. நாலு துண்டும் சேருகிற தடித்த இடம் வந்தது. வேகத்தடை மேல் ஸ்கூட்டர் ஏறுவதுபோல் "டுக்" என்று ஏறி, இறங்கி, நிற்காமல் போனது.

"மடிச்சுப் போடு" என்றார் அக்கா. மடித்து ஆறு அடுக்காகப் போட்டேன். அதிலும் போனது. "இன்னொரு மடி" என்றார் கணவர். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார்.

எட்டேகால் மணிக்குக் கடைக்காரப் பெரியவரை அழைத்து, மிஷின் எங்களுக்கு வேண்டும் என்றேன். நிஜமாகவே தைக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாம் என்றதும், இது தெரிந்திருந்தால் விலையைக் குறைத்திருக்க மாட்டேன் என்று மனமார வருத்தப்பட்டார். அடுத்து ஹோம்ஸ்டே சேச்சியை அழைத்து, முதல் க்வில்ட்டை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சொன்னேன். பிறகு, சந்தனமும் எண்ணெயுமாகக் கறை பட்ட சோதனைத் துண்டை ஓரமாக வைத்துவிட்டு, கத்தரிக்கோலின் பொட்டைத் துடைத்து, முதல் அறைக்கான துணியை வெட்ட ஆரம்பித்தேன்.